கந்தோர் வரைக்குமான ஓட்டோக் காசு

மச்சான்,

இன்று காலை உன் வீட்டு விறாந்தையில் ஒரு வெள்ளை ரெஜிபோம் நுரைப் பெட்டியைத் திறந்தேன். வைக்கோலும் பழைய மீனும் கலந்த மணம் எழும்பியது. இந்த மணத்தை ஒரு ரேடியோவோடு சேர்த்து நினைக்க என்னைத் தவிர யாருக்குத் தோன்றும்? எனக்கு அது நீதான். மூடியை ஓரமாகச் சாய்த்துவைத்தேன். தேத்தண்ணியோடு வந்த உன் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, கோப்பையைக் கதிரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வைக்கோல் உன் வயலது. பெட்டி பேசாலையில் நான் வேலை செய்யும் மீன் வாடியில் கழித்துவிட்டது. ஐஸ் போட்டுக் கொழும்புக்கு மீன் அனுப்பிய பெட்டி. பழைய ரேடியோ சேர்ப்பவர்களின் முகநூல் குழுவில் நீ எதை விற்றாலும் அது இப்படிப்பட்ட பெட்டியில்தான் போகும். நான் நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்துத்தான் தருவேன். ஆனாலும் மீன் மீன்தானே. "ரேடியோ அருமை. வந்த நாள் தொடக்கம் வீட்டுப் பூனைதான் அதைவிட்டு அசையுதில்லை" என்று கண்டியில் ஒருவர் எழுதினார். "பூனைக்குத் தனியாக் காசு எடுக்கலைங்க" என்று நீ பதில் போட்டாய். குழுவே அன்று சிரித்தது.

நாம் பழகியதும் அந்தக் குழுவில்தான். நீ விற்ற ஒரு சின்ன ட்ரான்சிஸ்டரை நான் கேட்டேன். விலாசம் அனுப்பியதும், "அட, நீங்க பேசாலையா? நமக்குள்ள எதுக்குங்க கூரியர்?" என்று எழுதிவிட்டு, அடம்பனுக்கு அங்கால் இருக்கும் உன் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் நீயே கொண்டுவந்தாய். பெற்றோல் காசை நீட்டினேன். நீ வாங்கவில்லை. "இது கடலப் பாக்க வந்த செலவு. அதுல ஒங்களுக்குப் பங்கு கெடையாது" என்றாய். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து உன் அப்பா வன்னிக்கு வந்தபோது கொண்டுவந்த ஒரே பெறுமதியான சாமான் ஒரு வால்வு ரேடியோ என்று அன்றுதான் சொன்னாய். திரும்பும்போது நாம் மச்சான் போட்டுப் பேசத் தொடங்கியிருந்தோம்.

குழுவில் சிலர் செய்யும் கூத்து உனக்குப் பிடிக்காது. ரேடியோவை மலிவாகப் போடுவார்கள். ஆசைப்பட்டு ஒருவன் சரி என்றதும், அனுப்பும் செலவைக் கூட்டிச் சொல்லி அதில் கையை வைப்பார்கள். "இலாபம் வேணுமின்னா வெலையில வை. கூரியர்ல வைக்காத. அது அவன் காசு, நம்ம கையில கொஞ்ச நேரம் இருக்கு, அவ்வளவுதான்" என்பாய். அப்படிச் சொன்ன உன் மேலேயே அந்தப் பழி வந்து விழுந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் இரத்தம் கொதிக்கிறது.

நடந்தது சின்ன விஷயம். கொழும்பில் ஒருவர் நீ திருத்திய ஒரு வால்வு ரேடியோவை வாங்கினார். அனுப்பும் செலவு இவ்வளவு என்று ஒரே தொகையாகச் சொன்னாய், அவரும் அனுப்பினார். பெட்டி போய்ச் சேர்ந்ததும், அதில் கூரியர்க்காரர் ஒட்டிய துண்டில் அந்தத் தொகையின் பாதிதான் இருந்தது. அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டு, "மிச்சம் யாருடைய பொக்கெட்டுக்குப் போனது?" என்று கேட்டார். கீழே ஆளாளுக்கு எழுதினார்கள். பூனைக் கதைக்குச் சிரித்தவர்களும் அதில் இருந்தார்கள்.

மிச்சம் போனது ஓட்டோவுக்கு. உன் ஊரிலிருந்து வரும் பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகளும் நெல் மூட்டைகளும் ஒருவர் மேல் ஒருவராக வருவார்கள். அதில், உள்ளே கண்ணாடிக் குமிழ்கள் உள்ள ஒரு வால்வு ரேடியோவை ஏற்றினால் மன்னாருக்கு வந்து சேர்வது கண்ணாடித் தூள்தான். மோட்டார் சைக்கிளிலும் அவ்வளவு பெரிய பெட்டியைக் கட்ட முடியாது. பெட்டியை ஒப்படைக்கும் கூரியர் கந்தோர் கொழும்புக்காரருக்கு வீட்டுக்குக் கீழே. உனக்கு அது வயலும் கட்டுக்கரை வாய்க்காலும் பாலமும் தாண்டி. இதை எழுத நாலு வரி போதும். நீயோ இரண்டே வரி எழுதினாய்: "பிழை என்னுடையது. மன்னிக்கவும்." பாதிக் காசையும் திருப்பி அனுப்பிவிட்டாய்.

நான் வேலையைப் போட்டுவிட்டு உன் வீட்டுக்கு வந்தேன்.

"உனக்கென்ன விசரே? ஓட்டோக்குக் குடுத்தனான் எண்டு எழுத வேண்டியதுதானே!"

நீ ஒரு ரேடியோவின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தாய். தலை நிமிரவில்லை. "முன்னாடியே சொல்லியிருந்தா அது செலவு. பொறகு சொன்னா அது சாட்டு, மச்சான்."

"அப்ப நான் எழுதுறன்."

"வேணாம். நீ எழுதினா ரெண்டு பேரும் கூட்டுக் கள்ளன்னு சொல்லுவாங்க."

அதற்கும் சிரித்தாய். ஆனால் அதன்பிறகு நீ ஒன்றையும் விற்கவில்லை. திருத்திய ரேடியோக்கள் அலுமாரியில் சேர்ந்துகொண்டே போயின. வயல் பொய்த்த வருடத்திலும் ஒன்றைக்கூட வெளியே எடுக்கவில்லை. கடந்த மாரியில் காய்ச்சல் என்று படுத்தாய். எலிக்காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது பிந்திவிட்டது. உன் பெயரில் விழுந்த கறையைத் துடைக்க ஒரு வழி பார்ப்போம் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, நீ போய்விட்டாய்.

போன கிழமை உன் மனைவி கூப்பிட்டார். ரேடியோக்களை விற்றுத் தரச் சொன்னார். மகளின் படிப்புக்கு அது வேண்டும். "ஆனா அனுப்புற காசு மட்டும் கேக்காதீங்க அண்ணே. நம்ம கையால போட்டுக்குவோம். போன மனுசன மறுபடியும் யாரும் ஒண்ணு சொல்லிடக் கூடாது" என்றார்.

ஒரு கேள்வியும் ஒரு படமும் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன பார். உன் பிள்ளையின் காசிலிருந்து ஓட்டோவுக்குக் கொடுக்க அந்த மனுசி தயாராக நின்றார்.

"இல்லைத் தங்கச்சி. வாங்குவம். ஆனா எல்லாத்தையும் முதலே சொல்லுவம்" என்றேன். உன் பெயரைப் போட்டு, நீ இறந்த செய்தியையும் போட்டு, ஒவ்வொரு ரேடியோவுக்கும் கீழே விபரமாக எழுதினேன்: கூரியருக்கு இவ்வளவு. வீட்டிலிருந்து மன்னார்க் கந்தோருக்கு ஓட்டோவுக்கு இவ்வளவு, அதில் பாதி எங்களது, பாதி வாங்குபவரது. பெட்டிக்கும் வைக்கோலுக்கும் காசில்லை.

கொழும்புக்காரர் ஒன்றும் எழுதவில்லை. எழுதுவார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. பதுளையிலிருந்து ஒருவர் வால்வு ரேடியோவைக் கேட்டார். முன்பின் தெரியாத ஆள். கூடவே இதையும் எழுதியிருந்தார்: "ஓட்டோக் காசு முழுசாவே எங்கிட்ட எடுத்துக்கங்க. அவ்வளவு தூரத்துக்கு வால்வு ரேடியோவ பஸ்ல கொண்டுபோக ஏலாது தானே. சொன்ன காசு போதுமா?"

இன்று காலை பெட்டியைக் கட்டி முடித்த பிறகு, பதுளைக்காரர் எழுதியதை உன் மனைவிக்குக் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தார். போனைத் திருப்பித் தரும்போது, "அவரு இருந்தப்ப ஒருத்தராச்சும் இப்பிடிக் கேட்டிருக்கலாம்" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பேன்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் மன்னாருக்கு வந்தேன். குழியில் விழும்போதெல்லாம் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். நீயும் இப்படித்தான் தனியாகப் பிடித்துக்கொண்டு போயிருப்பாய். இனி யாரிடம் எதை வாங்கினாலும், விலை கேட்கமுதல் நான் கேட்கப்போவது ஒன்றுதான்: "கந்தோர் உங்களுக்குக் கிட்டவோ, தூரமோ?"