அப்பா பிடிக்காத கயிறு

லோக்கெல்லி,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள தம்பி ஃபெர்கஸுக்கு,

இங்கே உடம்பளவில் யாவரும் நலம். நீயும் அமெரிக்காவில் நலம் என்று தொலைக்காட்சியில் பார்த்தேன். முகத்தில் களை வந்திருக்கிறது. எத்தனை வருடம் மதுக்கடை மூலைகளில் குடிகாரர்களின் கூச்சலுக்கு நடுவே கிதார் வாசித்தாய்! உன் பாட்டு முதலிடம் வந்ததில் எனக்குப் பொறாமை இல்லை. மீதியையும் சொல்கிறேன், கேள்.

அப்பாவோடு சுரங்கத்தில் வேலை செய்த டூகி மாமா போய்விட்டார். சுரங்கத் தூசி நெஞ்சை அரித்துவிட்டது. சவப்பெட்டியைக் குழியில் இறக்கும் எட்டுக் கயிறுகளில் இரண்டாவதை அப்பா பிடிக்கவேண்டும் என்று, எண் போட்ட அட்டையை அவர் மனைவி நெட்டா அத்தை கொடுத்தனுப்பினார். பெற்ற மகனுக்கு அடுத்த இடம். அப்பா தன் கறுப்பு டையைத் தானே இஸ்திரி போட்டு வைத்தார்.

அந்த வாரம்தான் உன் பாட்டு வந்தது. பேர் சொல்லவில்லையே என்பாய். பேட்டியில் சிரித்துக்கொண்டே "இது என் அப்பா கதை" என்றாயே, அது போதாதா?

நெட்டா அத்தை அப்பாவைப் பார்க்க நேரில் வந்தார். "வில்லி, அந்த அட்டையக் குடுத்துடு. கருங்காலிகூட நாங்க கயிறு பிடிக்க மாட்டோம்னு பசங்க நிக்கிறாங்க. நாப்பது வருஷமா எங்க வீட்ல டீ குடிச்சியே, ஒரு வார்த்தை சொன்னியா?" என்று அழுதார். அப்பா எடுத்துக் கொடுத்துவிட்டார். அடக்கத்தன்று டை கட்டிக்கொண்டு சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தார்.

எண்பத்து நாலு சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் அவர் தெற்கே போய் நிலக்கரி லாரி ஓட்டியது எனக்கே தெரியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், பிழைக்கமாட்டோம் என்று பயந்து, உன்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். நீ அதற்கு மெட்டுப் போட்டாய். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்களே, அதை மேடை போட்டுச் செய்தாய்.

ஏன் போனீர்கள் என்று கேட்டேன். "கைக்குழந்தை உடம்பு நீலம் பாரிச்சுப் போச்சும்மா. அடுப்புல போட ஒரு துண்டு கரி இல்ல. அவன்கிட்ட இதையும் சொன்னேனே" என்றார். அந்தக் கைக்குழந்தை நீதான். உன் பாட்டிலே லாரி இருக்கிறது, பொய் இருக்கிறது, கருங்காலி மூன்று முறை வருகிறது. நீ மட்டும் இல்லை.

எனக்கு உன்மேல் கோபம் ஆறவில்லையடா. அவரோ, "மெட்டு நல்லாத்தான் போட்டிருக்கான், இல்ல?" என்று என்னைக் கேட்கிறார்.

கிளாஸ்கோவுக்குக் கச்சேரிக்கு வருகிறாயாம். பாட்டை நிறுத்து என்று சொல்லமாட்டேன், ஊர் கேட்டாயிற்று. ஒரு நாள் முன்னதாக இங்கே வா. விளக்கம் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். கடைத்தெருவில் கூட்டம் இருக்கும்போது ரொட்டிக்கடை வரை அப்பாவோடு நட. இப்போது அவரைக் கண்டால் சனம் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறது. அவர் பக்கத்தில் யாராவது ஒருவர் நடக்கவேண்டும்.

உன் அக்கா,
ஷோனா