ஐந்தருவியில் படித்த இங்கிலீஷ்

மஸ்கட்,
வியாழக்கிழமை.

அன்புள்ள முத்துசெல்விக்கு,

நான் சுகமா இருக்கேன். நீயும் பிள்ளையும் சுகமா? இலத்தூர் மாமாவுக்கு முட்டுவலி தேவலையா? அத்தையை ரொம்பக் கேட்டதாச் சொல்லு.

போன்ல சொன்னா நீ பதறுவ, அதான் எழுதுதேன். நான் கிளம்புறதுக்கு முந்தி ரெண்டு மாசம் என்ன பாடு படுத்தின! எங்க போனாலும் உனக்குப் போன் போட்டு, இருக்கிற இடத்த இங்கிலீஷ்ல சொல்லணும். ஐந்தருவியில ஈரத் துண்டோட நடுங்கிக்கிட்டு "ஐ ஆம் அட் ஃபைவ் ஃபால்ஸ்"னு கத்துனேன், கூட்டமே சிரிச்சுது. இடத்துக்கும் அட்தான், மணிக்கும் அட்தான்னு நீ விடவே இல்ல. எனக்கு எரிச்சலா வந்துது.

திங்கக்கிழமை சைட்டுல கூட வேலை பாக்கிற நேபாளக்காரர் வெயில்ல மயங்கி விழுந்துட்டார். சூப்பர்வைசரக் காணோம். நான்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். வாய் தானாச் சொல்லிட்டு: "வீ ஆர் அட் கேட் செவன். ஹி ஃபெல் டவுன் அட் டென் தேர்ட்டி." பத்து நிமிஷத்துல வந்துட்டாங்க. இப்ப எழுந்து சாப்பிடுதார். பாக்கிற நேரமெல்லாம் என் கையப் பிடிச்சுக்கிடுதார். அந்த நன்றி உனக்குத்தான் சேரணும். நீ பயப்படாத, எனக்கு நிழல்லதான் வேலை.

லீவுல வாற பாண்டிகிட்ட இதக் குடுத்து விடுதேன். அவன் திரும்பும்போது நார்த்தங்கா ஊறுகாயும் ரெண்டு துண்டும் குடுத்து விடு. வண்டி வந்துட்டு, அவன் கூப்பிடுதான்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. ரூமு இல்லன்னா சைட்டுன்னு தெரிஞ்சதால, எங்க இருக்கீங்கன்னு நீ இப்பக் கேக்கிறதே இல்ல. ஒருக்க கேளு. தப்பில்லாமச் சொல்லுதேன்.

உன்
கடற்கரை