ஏழு என்று எழுதிய டிரம்

பழைய இரும்பு எடுக்கிறவன் வருவதாகச் சொன்னதால் கடைக்குப் பின்னாலிருக்கும் தகரக் கொட்டகையைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். மூலையில், நம் காரின் பின்சக்கரங்களிலிருந்து கழற்றிய டிரம் பிரேக் இரண்டும் கிடந்தன. ஒன்றைப் புரட்டினால் உன் கையெழுத்து. சாக்கட்டியால் எழுதிய ஏழு, நடுவில் ஒரு கோடு. நீ போய் ஒரு வருடமாகியும் அது அழியவில்லை. வந்தவனை நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன்.

பதுளையில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் எனக்கும், ஹாலிஎலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் உனக்கும் ரேஸ் கார் எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. தொப்பை விழுந்த இரண்டு பேர், விபத்தில் நசுங்கிய ஒரு ஜப்பான் காரை வாங்கி, பின்சீட்டைக் கழற்றி, கதவைச் சுரண்டி, கிலோ கிலோவாக எடை குறைத்துக்கொண்டிருந்தால் சிரிக்கத்தானே செய்வார்கள்? கீழ்நாட்டு ரேஸ் தடத்தில் ஒரே ஒரு நாள் ஓட்ட வேண்டும். அவ்வளவுதான் நம் ஆசை. உனக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. எட்டு மணி பஸ்ஸில் இறங்கி, கடைக்குள் நுழையும்போதே "மச்சான், இன்னைக்கு எதைக் கழட்டுறோம்?" என்பாய். அந்தக் கேள்விக்காகவே நான் வாரம் முழுக்கக் காத்திருந்திருக்கிறேன் என்பது இப்போதுதான் தெரிகிறது.

பின் பிரேக்கில்தான் முட்டிக்கொண்டோம். பிரேக் பிடித்தால் காரின் பாரம் முன்னால் சாய்கிறது, பின்சக்கரத்துக்கு வேலை கொஞ்சம்தான், அதனால் சின்ன டிஸ்க்கும் அதைக் கவ்வுகிற அலுமினியக் கலிப்பரும் போதும், ஹேண்ட் பிரேக்கும் வேண்டாம் என்றேன் நான். உனக்கு மனசு வரவில்லை. வெலிமடையிலிருந்து உருளைக்கிழங்கு ஏற்றி இறக்கத்தில் வரும் லொறியைப் பார்த்து வளர்ந்தவன் நீ. "பின்னாடி பிரேக் பலமா இல்லாட்டி அது வண்டியே இல்ல மச்சான். ஹேண்ட் பிரேக் இல்லாம எந்த மேட்டுல நிப்பாட்டுவ?" என்றாய். ரேஸ் தடத்தில் மேடு ஏதுடா என்று நான் சிரித்தேன். கடைசியில் நீயே ஒரு வழி சொன்னாய்: "நிறுத்துப் பார்ப்போம். எது லேசோ அதைப் போடு."

தோட்டத்திலிருந்து பழைய கொக்கித் தராசு கொண்டுவந்தாய். டிரம்மையும் அதன் சாமான்களையும் ஒரு கொழுந்துச் சாக்கில் போட்டுத் தொங்கவிட்டு, முள்ளைப் பார்த்து, ஏழு என்று எழுதினாய். டிஸ்க்கையும் கலிப்பரையும் கம்பியில் கட்டி அப்படியே தொங்கவிட்டாய். ஆறரை. "அரைக் கிலோவுக்கா இந்தப் பாடு? டிரம்மே இருக்கட்டும்" என்றாய். என் கைக்குத் தெரியும், அந்த டிரம் ஏழு கிலோ இல்லை. ஆனால் திரும்ப நிறுத்துப் பார்க்கிற பொறுமை எனக்கு என்றைக்கு இருந்தது? வாய்தான் முந்தியது.

"வேணும்னுதானே கொறச்சு எழுதின? கொழுந்தெடுக்கிற பொம்பளைகளுக்குக் கொறச்சுப் பழகின கைதானே இது!"

நீ துணியில் கையைத் துடைத்தாய், விரல் விரலாக. தராசை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாய். அவனே வரட்டும் என்று நான் இருந்தேன். ஆறு ஞாயிறு போயிற்று. ஏழாவது வாரம் மலையில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய் என்று போன் வந்தது. உன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வர எனக்கு முகமில்லை. வாசலோடு நின்றுவிட்டேன்.

கொட்டகையில் அந்த ஏழு என்ற எழுத்தைப் பார்த்தபிறகு, கடைத் தராசில் டிரம்மை வைத்தேன். ஒன்பது. சாமான் எல்லாம் சேர்த்துச் சரியாக ஒன்பது. அப்போதுதான் உறைத்தது. சாக்குக்கும் பனித்தண்ணிக்கும் ரெண்டு கிலோ கழிப்பது உங்கள் தோட்டத்துச் சட்டம். இருபது வருடம், ஒரு நாளைக்கு மூன்று முறை, சாக்கைக் கண்டாலே உன் கை ரெண்டைக் கழித்துவிடும். சொந்தப் பெண்டாட்டி சாக்கிலும் கழித்து, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நீ. உன்னைப் போய்க் கள்ளன் என்றேனே!

மறுநாளே தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஏறிப்போய் உன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் முறையில் என்னை 'நானா' என்று கூப்பிடுகிறவள், அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவருக்கே தெரியும் நானா. ஒரு நா சோறு தின்னுக்கிட்டு இருந்தவரு, 'அடக் கடவுளே, சாக்குக்குக் கழிச்சுப்புட்டேன்'னு தலையில அடிச்சுக்கிட்டாரு. ஞாயித்துக்கெழம போயி மச்சான்கிட்ட சொல்லிட்டு வர்றேன்னாரு. அந்த ஞாயிறு நல்ல மழ. அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு நாந்தான் நிப்பாட்டினேன்."

லேசான பிரேக்தான் சரி. நான் சொன்னதுதான் சரி. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

சென்ற ஞாயிறு டிஸ்க்கைப் பூட்டினேன். பிரேக் குழாயில் நிற்கும் காற்றை எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மேலே பெடலை மிதிக்க, ஒருவர் கீழே படுத்து நட்டைத் திறக்க. யாரைக் கூப்பிடுவது என்று யோசித்து, வெட்கத்தை விட்டு உன் மனைவியைக் கேட்டேன். வந்தாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கோயிலுக்குள் போகிறவள் போல நீ உட்காருகிற டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"மிதிங்க தங்கச்சி. பிடிச்சுக்கங்க. விடுங்க." ஒரு சக்கரம் முடிந்தது. அடுத்ததில் குமிழி வந்து வந்து, கடைசியில் சுத்தமான பிரேக் ஒயில் வந்தது. அந்தச் சந்தோஷத்தில், காருக்கடியிலிருந்து நான் சொன்னேன்: "போதும்டா, காலை எடு."

மன்னிப்புக் கேட்க, வெளியே நகரத் தொடங்கினேன். லயத்தில் அன்று அவளிடம் சொன்னதைத் தவிர, ஒரு வருடமாக யாரிடமும் உன்னைப் பற்றிப் பேசியதில்லை நான். வாய் மட்டும் இன்னும் உன்னோடுதான் வேலை செய்துகொண்டிருக்கிறது.

மேலிருந்து அவள் குரல் வந்தது. "எடுத்துட்டேன் மச்சான்."