சொந்தச் சாட்சி

11.6.84, திங்கள்

பால்வாடியில் இன்றும் ஒரே அழுகை. புதிதாகச் சேர்ந்ததுகள் அம்மாவின் முந்தானையை விடமாட்டேன் என்கின்றன. கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து ஒரு வாய் காபி குடிக்கலாம் என்றால் வாசலில் ஏட்டு நிற்கிறார். சம்மன். எனக்கு ஒன்று, என் வீட்டுக்காரருக்கு ஒன்று.

கொளஞ்சி கேஸ். ஒன்றரை வருஷம் ஆகிறதே, ஊத்தி மூடிவிட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் பெரிய மார்க்கெட்டில் நடந்தது. கொளஞ்சி மூட்டை தூக்குகிறவன். கூலியை ஏற்றிக் கேட்டான், அவ்வளவுதான். வெங்காய மண்டி முருகையன் இரும்புக் கம்பியால் அடித்துக் கையை உடைத்தான். நானும் இவரும் பக்கத்தில் நின்று பார்த்தோம். அன்றைக்கே போலீஸில் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னோம். கொளஞ்சிக்கு இடது முழங்கை இன்றைக்கும் மடங்காது. மூட்டை தூக்குகிறவனுக்குக் கை போனால் மிச்சம் என்ன?

ஏட்டு சைக்கிளில் ஏறிக்கொண்டே சொன்னார்: "கோர்ட்ல வந்து ஹாஸ்டைல் ஆயிடாதீங்க டீச்சரம்மா."

என்ன அது? கேட்பதற்குள் போய்விட்டார்.

12.6.84, செவ்வாய்

மகள் ஸ்டெல்லாமேரியின் டிக்‌ஷனரியில் தேடினேன். ஒன்பதாவது படிக்கிறவள், என் ஸ்பெல்லிங்கைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவளே எடுத்துக் கொடுத்தாள். பகைமையுள்ள. விரோதமான. எதிரிக்குரிய.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் யாருக்குப் பகை? கொளஞ்சிக்கா? அவன் பெண்டாட்டி ஜெயத்துக்கா? அவர்களுடைய சின்னப் பையன் என் பால்வாடியில்தான் இருக்கிறான். தினமும் அவன் மூக்கைத் துடைத்துவிடுகிறவள் நான். என்னைப் பார்த்து எதிரி ஆகிவிடாதே என்று ஏட்டு எப்படிச் சொல்லலாம்?

இவரிடம் கேட்டேன். இவர் படித்தது பிரெஞ்சில் ஐந்தாவது. இங்கிலீஷ் எங்கள் இருவருக்குமே தண்ணி காட்டும். "ஆஸ்டல்ல கொண்டுபோய்ப் போடுவாங்களோ என்னவோ, மூணு வேளை சோறாவது கெடைக்கும்" என்றார். வேலை பார்த்த மில் மூடினதிலிருந்து இவர் விளையாட்டாகப் பேசுவதே குறைந்துவிட்டது. அதனால் நானும் சிரித்துவைத்தேன்.

20.6.84, புதன்

கன்னியப்பன் வந்திருந்தார். முருகையனின் தாய்மாமன். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். கையில் ஒரு கூடை மாம்பழம்.

கேஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "மில்லு இனிமே எங்க தொறக்கப் போவுது அமலநாதன்? எங்க கம்பெனில ஆளு எடுக்கறாங்க. நான் சொன்னா நடக்கும்." இவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். கேட்டார் என்ன கேட்டார், முன்னால் நகர்ந்து உட்கார்ந்து கேட்டார்.

கன்னியப்பன் எழுந்தபோது கூடையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். "வீட்ல பழம் இருக்குதுங்க." பொய்தான். அவர் சிரித்த முகமாகவே வாங்கிக்கொண்டு போனார்.

இவர் அப்புறம் சொன்னது: "பழம் என்ன பாவம் பண்ணுச்சு?"

25.6.84, திங்கள்

குழாயடியில் அமிர்தவல்லி. எதிர்வீட்டுக்காரி, ஊர்க்கதை எல்லாம் அவளுக்கு அத்துப்படி. மெதுவாக இந்த வார்த்தையைப் போட்டுப் பார்த்தேன்.

"எங்க கொழுந்தனாரும் ஒரு தடவை ஹாஸ்டைல் ஆனாரே" என்றாள், அம்மை போட்டதைச் சொல்வதுபோல. போலீஸில் ஒன்று சொல்லிவிட்டுக் கோர்ட்டில் வேறொன்று சொன்னால் அந்தப் பெயராம்.

"ஜெயில்ல போட்டாங்களா?"

"ஜெயிலா? கோர்ட்டுலேந்து நேரா மேட்னிக்குப் போனாரு."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஏன் இருந்தது, நான்தான் அப்படி ஆகப்போவதில்லையே? வாய் குழறி எதையாவது மாற்றிச் சொல்லிவிட்டால் பிடித்து உள்ளே போடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன். "ஹாஸ்டைல் ஆனாக்கூட ஒண்ணும் பண்ண மாட்டாங்களாம்."

"ஒண்ணுமேவா?" என்று கேட்டார். சாப்பிடும்போது இன்னொரு தடவையும் கேட்டார்.

2.7.84, திங்கள்

ஜெயம் பையனைக் கூப்பிட வந்தபோது நின்று பேசினாள். மார்க்கெட்டில் பூ தொடுத்துக் கொடுக்கிறாளாம். "மத்தவங்க யாரும் வரலன்னுட்டாங்க டீச்சரம்மா. நீங்க ரெண்டு பேர்தான்." அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன்.

15.7.84, ஞாயிறு

பூசை முடிந்து வந்து ஒத்திகை பார்த்தோம். நான்தான் வக்கீல், கையில் கரண்டி. "எத்தனை மணிக்குப் போனீங்க? எங்க நின்னீங்க? முருகையன் கையில என்ன இருந்துச்சு?" முதல் இரண்டுக்கும் பளிச்சென்று சொன்னார். மூன்றாவதில் நின்றுவிட்டார்.

"போதும் விடு. அங்க போய்ப் பாத்துக்கலாம்."

24.7.84

எங்கே போகிறார் இரண்டு நாளாக? வழக்கமாகப் போய் நிற்கிற மில் கேட்டில் இல்லையாம். கேட்கவில்லை. கேட்டால் சண்டை.

30.7.84, திங்கள்

பயமாக இருக்கிறது. எழுதினால் அடங்குமா பார்க்கிறேன்.

ஸ்டெல்லா பள்ளிக்கூடம் விட்டு வரும்போது முருகையன் ராஜ்தூத் பைக்கில் கூடவே மெதுவாக வந்திருக்கிறான். "அப்பா சவுக்கியமா, அம்மா சவுக்கியமா" என்று கேட்டானாம். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் தெரு முக்கு வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனானாம். பிள்ளை சிரித்துக்கொண்டே சொல்கிறது. பொம்பளப் புள்ளைய வெச்சுக்கிட்டு நமக்கெதுக்கு ஊர் வம்பு? கொளஞ்சி என்ன நம்ம சொந்தமா, பந்தமா? பாக்கலன்னு சொல்லிட்டா என்ன ஆயிடும்?

இதை எழுதினது நான்தான். அடித்துத் திருத்த மாட்டேன். இருக்கட்டும்.

இவரிடம் சொன்னேன். மூஞ்சி கறுத்துப்போயிற்று. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் விளக்கு வைத்த பிறகுதான் வந்தார். "இனிமே வரமாட்டான்" என்றார். எப்படி என்று கேட்டேன். "வரமாட்டான்னா வரமாட்டான்."

ஒரு நிமிஷம் பெருமையாக இருந்தது. போய்ச் சண்டை பிடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

8.8.84, புதன்

கோர்ட்.

வராந்தாவில் ஜெயம் கொளஞ்சிக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். மடங்காத கையை அவன் விறைப்பாக நீட்டிக்கொண்டு நின்றான். அவ்வளவுதான், எனக்கு இருந்த பயம் எல்லாம் கோபமாக மாறிவிட்டது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

முதலில் கொளஞ்சி, அடுத்து நான். சத்தியம் வாங்கினார்கள். பார்த்ததைச் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் அப்படிப் புரட்டி இப்படிப் புரட்டிக் கேட்டார். "மார்க்கெட்டில் கூட்டம், உங்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்?" என்றார். "நாப்பது பிள்ளைங்களை மேய்க்கறேன் ஐயா, யார் யாரை அடிச்சாங்கன்னு கூட்டத்துல பாக்கறதுதான் என் வேலை" என்றேன். மாஜிஸ்திரேட் லேசாகச் சிரித்தார். இறங்கிவந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அகஸ்டினா, நீ பிழைத்தாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்து இவர்.

மார்க்கெட்டுக்குப் போனது உண்மை என்றார். மீன் பக்கம் நின்றிருந்தேன் என்றார். அடித்ததைப் பார்க்கவில்லை என்றார்.

எனக்கு முதலில் புரியவே இல்லை. மறந்துவிட்டாரோ, இன்னொரு தடவை கேட்டால் சொல்லிவிடுவாரோ என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். சர்க்கார் வக்கீல் மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். நடுவில் அந்த வார்த்தை. ஹாஸ்டைல். என் பக்கம் வரக்கூடாது வரக்கூடாது என்று இரண்டு மாதமாகப் பயந்துகொண்டிருந்த வார்த்தை, என் புருஷன் தலையில் போய் உட்கார்ந்தது.

அதன் பிறகு வக்கீலின் குரலே மாறிவிட்டது. இவரைக் குடைந்தார். "கொளஞ்சியை ரிக்‌ஷாவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நீதானே?" "இல்லீங்க." ரத்தம் பட்ட அந்தச் சட்டையைத் துவைத்தது நான். "அப்போ உன் மனைவி சொன்னது பொய்யா?"

"அவளுக்கு அப்படித் தோணியிருக்கும்."

கொளஞ்சி இவரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே ஏட்டு நின்றார். இப்போ இவரை என்ன செய்வார்கள் என்று கேட்டேன். "என்ன செய்யறது? நம்ம கூட்டியாந்த சாட்சிய நம்மளே மடக்கி மடக்கிக் கேக்கக் கூடாதும்மா, அது சட்டம். நமக்கே எதிராத் திரும்பிட்டா, ஹாஸ்டைல்னு சொல்லி ஜட்ஜுகிட்ட பர்மிஷன் வாங்கிக்கிட்டுத்தான் கேக்கணும். அதுக்குத்தான் அந்த வார்த்தை."

தண்டனை என்று நினைத்தேன், வசவு என்று நினைத்தேன். இரண்டும் இல்லையாம். சொந்தச் சாட்சியைக் கேள்வி கேட்க வழி விடுகிற வார்த்தையாம்.

9.8.84

"நீதான சொன்ன, ஹாஸ்டைல் ஆனா ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு." காலையில் இவர் சொன்னது இது ஒன்றுதான்.

15.8.84, புதன்

மாதா திருநாள். கோயிலில் இவர் ஆண்கள் பக்கம், நான் பெண்கள் பக்கம். எப்போதும் அப்படித்தான். ஆனால் இன்று அது நல்லதாகப் போயிற்று. ஜெயம் பையனைப் பால்வாடிக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டாள்.

7.9.84, வெள்ளி

முருகையனுக்கு விடுதலை. பார்த்தோம் என்று சொன்ன இருவரில் ஒருவர் பார்க்கவில்லை என்கிறார், அதுவும் புருஷன் பெண்டாட்டிக்குள்ளேயே பேச்சு ஒத்துப்போகவில்லை, சந்தேகம் என்று தீர்ப்பு. மார்க்கெட்டில் வெடி வெடித்தார்களாம்.

10.9.84, திங்கள்

இவருக்கு இன்று சேதராப்பட்டில் முதல் ஷிப்ட். புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன். ஏன் கட்டிக் கொடுத்தேன்? கோபம் வேறு, பசி வேறு என்று அம்மா சொல்லுவாள். அப்படியே இருக்கட்டும்.

16.9.84, ஞாயிறு

ஸ்டெல்லா டியூஷனுக்குப் போயிருந்தாள். இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

கல்யாணமாகிப் பதினாறு வருஷம். எங்கே போனீர்கள், ஏன் லேட், யாரோடு பேசினீர்கள் என்று இதுவரை இவரை மடக்கிக் கேட்டதில்லை. சொந்தச் சாட்சியைக் குடையக் கூடாது என்பது எங்கள் வீட்டிலும் சட்டம். நல்ல குடும்பத்துப் பெண் என்று எனக்குப் பெயர் வந்ததே அதனால்தான். அந்த ஜூலை மாதம் இரண்டு நாள் எங்கே போனீர்கள் என்று கேட்டிருந்தால்?

எதிரில் போய் உட்கார்ந்தேன். ஓங்கிப் பேசவில்லை.

"அன்னிக்கு வெங்காய மண்டிகிட்டதான நின்னீங்க?"

பேப்பரை இறக்கினார். "எதுக்குடி இப்போ?"

"நின்னீங்களா?"

"நின்னேன்."

"முருகையன் கையில கம்பி இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அடிச்சானா?"

"அடிச்சான்."

"பொண்ணு பின்னாடி அவன் வந்தான்னு பயந்து மாத்திச் சொன்னீங்களா, வேலைக்காகச் சொன்னீங்களா?"

இதற்குத்தான் நேரம் எடுத்துக்கொண்டார். பயம் என்று சொல்லியிருந்தால் நான் இறங்கி வந்திருப்பேன், அது அவருக்கும் தெரியும்.

"வேலைக்குத்தான். அவன் பைக்ல வர்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். பைக்ல வந்தது உன்னை மாத்த." மூச்சு விட்டுவிட்டுச் சொன்னார். "மில் கேட்டுல போய் நின்னு நின்னு திரும்பி வர்றது உனக்குத் தெரியாது அகஸ்டி."

தெரியாதுதான். அதையும் நான் கேட்டதில்லை. அழுகை வந்தது, அடக்கவில்லை. பிறகு சொன்னேன்: "எங்கிட்ட சொன்னதக் கொளஞ்சிகிட்ட வந்து சொல்லுங்க. அதுவரைக்கும் நான் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

23.9.84, ஞாயிறு

பூசை முடிந்ததும் இவரே கொளஞ்சி வீட்டுப் பக்கம் நடந்தார். நான் பின்னால் போனேன். கொளஞ்சி வாசலில் உட்கார்ந்து ஒரு கையால் பூவுக்கு நார் கிழித்துக்கொண்டிருந்தான். எழுந்தான்.

"அவன் அடிச்சத நான் பாத்தேன் கொளஞ்சி" என்றார். பாதிதான் வெளியே வந்தது. மறுபடியும் முழுசாகச் சொன்னார்.

கொளஞ்சி கையிலிருந்த நாரைக் கீழே வைத்தான். "தெரியும்ணே, நாந்தான ரிக்‌ஷாவுல ஒங்க மடியில படுத்திருந்தேன்" என்றான். அப்புறம் நல்ல கையால் ஸ்டூலை இழுத்துப் போட்டான். இவர் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

ஜெயம் உள்ளேதான் இருந்தாள், பாத்திரச் சத்தம் கேட்டது. நாங்கள் கிளம்பும்வரை அவள் வெளியே வரவில்லை.