மெஷின் மேல் ஒட்டிய அஞ்சு வரி

அப்பாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைஞ்சுதா? நான் நல்லா சாப்பிடுறேன், கவலை வேண்டாம்.

போன வாரம் ஒரு கூத்து. இந்த ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல சூப்பர்வைசரம்மா அஞ்சு வேலையை ஒரே மூச்சுல சொன்னாங்க. நடுவுல ஒண்ணு மறந்து, ஈரப் போர்வைகளை அப்படியே மடிச்சு அடுக்கிட்டேன். திட்டுவாங்கன்னு நின்னேன். ஆனா அவங்க, அடிக்கடி இப்படி மறக்குறியேன்னு டாக்டர்கிட்ட அனுப்பினாங்க. அவர் சீட்டு அடுக்கச் சொல்லி அரை நாள் சோதிச்சார். "இது சோம்பேறித்தனம் இல்லம்மா. வேலைகளை வரிசையா மனசுல பிடிச்சு வைக்கிறது உனக்குப் பிறவியிலேயே கஷ்டம்"னார். அவர் சொன்னபடி மெஷின் மேல அஞ்சு வரி எழுதி ஒட்டினாங்க. அப்புறம் ஒரு தப்பும் இல்லை.

அஞ்சே வரிப்பா! அதுக்குப் பதிலா பத்து வருஷம் பெல்ட்டை எடுத்தீங்க.

இப்போ மோட்டாரை நிறுத்த மறந்துட்டாள்னு தங்கச்சியையும் அடிச்சீங்களாமே? கேட்டதுலேர்ந்து ரத்தம் கொதிக்குது. அவளும் என்னை மாதிரியே இருக்கா. முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க.

என் பழைய போர்வையை அனுப்புங்க. தினம் நானூறு துவைக்கிறேன், ஒண்ணுலயும் நம்ம வீட்டு வாசனை இல்லை.

இதோட ஒரு அட்டை எழுதி வச்சிருக்கேன். மோட்டார் சுவிட்ச் பக்கத்துல ஒட்டுங்க. ஒட்ட மறந்துட்டா பயப்படாதீங்க. உங்களை யாரும் அடிக்க மாட்டாங்க.

ஷிப்ட் மணி அடிச்சிடுச்சு.

உங்க மூத்த மகள்