சொந்தச் சாகுபடி

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்தே புழுக்கம். வாய்க்கால் காய்ந்து கிடக்கிறது. காலில் மாட்டும் இரும்புக் காலிப்பரின் வார் தொடையை அறுத்துவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவினேன்.

தஞ்சாவூர் காலேஜிலிருந்து கடிதம். பி.யு.சி.யில் இடம் கிடைத்துவிட்டது எனக்கு! இருபதாம் தேதிக்குள் சேர வேண்டும். விடுதியில் கீழேயே அறை, மாடி ஏற வேண்டாம் என்று வார்டன் கைப்பட எழுதியிருக்கிறார். மூன்று தடவை படித்தேன். அம்மா அழுதாள். அவளுக்கு எதற்கெடுத்தாலும் அழுகை.

செய்ய வேண்டியவை:
ஊனமுற்ற மாணவர் உதவித்தொகை மனு.
அதற்கு வருமானச் சான்று. முதலில் கணக்குப்பிள்ளை, பிறகு தாசில்தார்.
பெட்டிக்குப் பூட்டு.
பெரியப்பாவிடம் சொல்வது (கடைசியில்).

அப்பா போனதிலிருந்து நானும் அம்மாவும் பெரியப்பா வீட்டில். இரண்டு பேருக்கும் சோறு போடுவதாக ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறார். அந்தச் சோற்றை ஆக்குவது யாராம்?

ஜூன் 11, புதன்

வெயில். கட்டைகளை ஊன்றிக்கொண்டே கணக்குப்பிள்ளை வீட்டுக்குப் போனேன். கக்கம் இரண்டிலும் கொப்புளம். மனுவைப் படித்துவிட்டு வெற்றிலை வாயோடு சிரித்தார். ஏழைப் பெண் என்று எழுதித் தர முடியாதாம். என் பேரில் ஆறு ஏக்கர் நஞ்சை இருக்கிறதாம், வாய்க்காலை ஒட்டி.

எனக்கே தெரியாமல் நான் மிராசுதார்.

அம்மாவைப் பிடித்து உலுக்கினேன். ஒப்புக்கொண்டாள். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது பெரியப்பா வரம்புக்கு மேல் இருந்த நிலத்தையெல்லாம் சமையல்காரர், காரோட்டி என்று கண்டவர் பேரில் எழுதிவைத்தாராம். எனக்கு மட்டும் நல்ல நிலம். ஏன் என்று கேட்டேன்.

"உனக்குக் கல்யாணம் ஆகப்போறதில்ல, நிலம் வெளில போகாதுன்னாரு."

அப்போது எனக்கு வயது ஐந்து. அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டார்கள்.

ஜூன் 13, வெள்ளி

மேட்டூர் திறந்தாயிற்று, ரேடியோவில் சொன்னார்கள். தலைவலி.

பெ.யிடம் போனேன். (பெரியப்பா என்று முழுசாக எழுத மனசில்லை.) நிலம் உண்மையில் என்னுடையது இல்லை என்று அவர் ஒரு வரி சொன்னால் சான்று கிடைத்துவிடும் என்றேன். தன்னை ஜெயிலுக்கு அனுப்பப் பார்க்கிறேனா என்று கத்தினார். பிறகு ஏனோ குரல் இறங்கியது. கண்ணு என்றார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை.

விஷயம் இதுதான். அந்த ஆறு ஏக்கரைக் குத்தகைக்கு உழுபவர் சிங்காரம். செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்து, குத்தகைதாரர் பதிவேட்டில் தன் பேரை ஏற்றச் சொல்லி மனுப் போட்டிருக்கிறார். ஏறிவிட்டால் அவரை அசைக்க முடியாது. திங்கட்கிழமை விசாரணை. பட்டாதாரர் நான் போய், அவர் வெறும் கூலியாள், சாகுபடி செய்வது நானே என்று சொல்ல வேண்டும். சொன்னால் காலேஜ் செலவு முழுக்க பெ. பொறுப்பு. மேடையேறிச் சாமியே இல்லை என்கிற மனிதர், பூஜை அறையில் நின்று சத்தியம் செய்தார்.

யோசித்தேன் என்று எழுத ஆசைதான். யோசிக்கவில்லை. உடனே சரி என்றேன்.

ஜூன் 14, சனி

இரண்டு பாவாடை தைக்கக் கொடுத்தாயிற்று. பூட்டு வந்துவிட்டது.

சிங்காரத்துக்கு நாலு பிள்ளைகள். நாலுக்கும் கால் நன்றாக இருக்கிறது. எங்கேயாவது நடந்து போய்ப் பிழைத்துக்கொள்ளட்டும். இதை எழுதியவள் நான்தான். இந்த வரியை அடிக்கப் போவதில்லை.

ஜூன் 16, திங்கள்

குத்தாலத்தில் விசாரணை. ஆபீஸ் மாடியில். செங்குத்தான படி, பிடிக்கக் கம்பி இல்லை. பெ. சுற்றிலும் பார்த்தார். மரத்தடியில் சிங்காரம் நின்றிருந்தார்.

"டேய், பாப்பாவ மேல தூக்கிட்டு வா."

சிங்காரம் சேரிக்காரர். எங்கள் வீட்டுக் கொல்லையைத் தாண்டி ஒரு நாளும் உள்ளே விட்டதில்லை. இன்றைக்குத் தீட்டுக்கு விடுமுறை போலிருக்கிறது. தூக்கினார். கழுத்தைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டேன். என்ன சொல்லப்போகிறேன் என்று அவர் கேட்கவில்லை.

ஆபீசர் என் காலிப்பரைப் பார்த்து உச்சுக்கொட்டினார். கேட்டதற்கெல்லாம் கணீரென்று பதில் சொன்னேன். ஊரிலேயே குடியிருக்கிறேன், கூட நின்று பயிர் வைக்கிறேன், இவர் கூலிக்கு வருகிறவர். கையெழுத்தும் போட்டேன். ஆபீசர் சிங்காரம் பக்கம் திரும்பினார்.

"கால் இல்லாத பொண்ணு நிலத்தப் புடுங்கப் பாக்குறியே, வெக்கமா இல்ல?"

மனு தள்ளுபடி.

வெளியே வந்ததும் சிங்காரம் என் முன்னால் நின்றார்.

"காலேஜுக்குத்தானே, பாப்பா?"

ஆமாம் என்றேன். தலையாட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார். பெ. வக்கீலோடு காபி குடிக்கப் போயிருந்தார். ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். ஆபீஸ் பியூன் பார்த்துக்கொண்டே பீடி குடித்தான்.

ஜூன் 19, வியாழன்

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. பெட்டி கட்டியாயிற்று. நாளைக் காலையில் காரை அனுப்பச் சொல்லிக் கேட்டேன். பெ. பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சங்கத்துக்காரர்கள் அப்பீல் போட்டுவிட்டார்களாம். மேல் ஆபீசர் சனிக்கிழமை நிலத்தைப் பார்வையிட வருகிறாராம்.

"இங்கயே இருந்து பயிர் வெக்கிறேன்னு கையெழுத்துப் போட்டிருக்க. தஞ்சாவூர்ல போய் உக்காந்துக்கிட்டா பொய்ச் சாட்சின்னு உன்னத்தான் உள்ள வெப்பான்."

சத்தியம் என்னவாயிற்று என்று கேட்டேன். கேஸ் முடியட்டும் என்றார். எப்போது முடியும்? அது கோர்ட்டுக்குத்தான் தெரியும் என்றார். கடன்காரப் பாவி. கட்டையால் ஓங்கி அடித்திருப்பேன். கட்டையைத் தூக்கினால் நான் விழுந்துவிடுவேன்.

ஜூன் 20, வெள்ளி

வானம் மூடாக்கு. தூறல்.

அறையை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிடச் சொல்லி வார்டனுக்குக் கார்டு எழுதினேன். உடம்பு சரியில்லை என்று காரணம்.

நாளைக்கு வரப்பில் எனக்கு நாற்காலி, குடை. நாற்று பம்புசெட் தண்ணீரில் முன்பே விட்டது. நடவுக்கு ஆள் பேசியாயிற்று, சிங்காரம் பெண்சாதியும் வருகிறாளாம், வேறு கூலி ஏது அவளுக்கு. ஆபீசர் கேள்வி கேட்டால் தடுமாறக் கூடாது என்று பெ. ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். குறுவைக்கு ஆடுதுறை இருபத்தேழு நெல், நூற்றைந்து நாள். அடுத்த போகம் தாளடிக்கு ஐ.ஆர். இருபது. நாற்றுக்கு வயசு இருபதிலிருந்து இருபத்தைந்து நாள். அம்மா தாளைப் பார்த்துக் கேட்கிறாள், நான் ஒப்பிக்கிறேன். ஒன்றுகூடத் தப்பவில்லை.