ஐந்தருவி இறக்கத்தில் பிரேக் பிடிக்காத வண்டி

அன்பு மகன் பாண்டிராஜுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே கடையத்தில் நானும் அப்பாவும், வளைகாப்பு முடிந்து நம் வீட்டுக்கு வந்திருக்கிற உன் தங்கச்சி ஸ்வாதியும் நல்ல சுகம், நீ பட்டாளத்தில் அந்தப் பனிமலையில் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் விளக்கேற்றுகிறேன். இந்த வருஷம் ஆனி பிறந்ததுமே சாரல் பிடித்துவிட்டது, துணி காய மாட்டேன் என்கிறது, ஆனால் கிணறு கைக்கெட்டும் உயரத்தில் கிடக்கிறது, அப்பாவுக்கு அதில் பெரிய சந்தோஷம், காலையும் மாலையும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார். ஸ்வாதிக்குக் கால் வீக்கம் கொஞ்சம் இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். இட்லி வேண்டாம், தோசை வேண்டாம், மூன்று வேளையும் புளிச்சோறு கேட்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசும்போது "வண்டி எப்படிம்மா ஓடுது" என்று கேட்டாய், நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது. போனது நல்லதுதான் என்று அப்போது நினைத்தேன், ஏனென்றால் நான் பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்தப் பொய்யைச் சொல்லாமல் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம். கடைசியில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ பதறாமல் படி.

தை மாசம் லீவில் வந்தபோது நீ சாக்கை விரித்து நம் லோடு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, கையெல்லாம் செங்காவியாக வெளியே வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா. "இது தூத்துக்குடியில உப்பு ஏத்துன வண்டிம்மா, உப்புத் தண்ணி வடிஞ்சு வடிஞ்சு பிரேக் பைப்பெல்லாம் துரு பிடிச்சுக் கெடக்கு, மாத்திரு" என்று படித்துப் படித்துச் சொன்னாய். நானும் உள்ளி அறுவடை முடியட்டும் என்றேன், அப்புறம் கத்தரிக்காய் முடியட்டும் என்றேன். நம் தோட்டத்துக் காயோடு அக்கம்பக்கத்துக் காயையும் ஏற்றிக்கொண்டு பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தினமும் நான்தானே போகிறேன், வண்டி ஒரு நாள் நின்றாலும் பத்து வீட்டுக் காய் வாடிவிடும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். சித்திரையில் பிரேக் ஆயில் டப்பாவில் அளவு இறங்கியிருந்தது, வாங்கி ஊற்றினேன். வைகாசியில் மறுபடியும் இறங்கியது, மறுபடியும் ஊற்றினேன். எங்கே ஒழுகுகிறது என்று குனிந்து பார்க்கவில்லை ஐயா, பார்த்தால் தெரிந்துவிடும் அல்லவா. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு லைட் எரிய ஆரம்பித்தது. ஆயில் ஊற்றினால் அணையும், நாலு நாள் கழித்து எரியும். அப்பா கண்ணில் பட்டால் வண்டியை விற்றுவிடுவோம் என்பார் என்று பயந்து, என் ஒட்டுப்பொட்டு ஒன்றைப் பிய்த்து அந்த லைட்டின் மேல் ஒட்டிவைத்தேன். நீ இப்போது தலையில் அடித்துக்கொள்வது எனக்குத் தெரிகிறது. அடித்துக்கொள், எனக்கு அது வேண்டியதுதான்.

வளைகாப்பன்று விடிந்ததும் ஏழு வகைச் சோறும் சீர்த்தட்டுகளும் ஏற்றிக்கொண்டு இலஞ்சிக்குப் போனோம், மாப்பிள்ளை வீட்டில்தான் விசேஷம். அங்கே போனால் ஸ்வாதியின் மாமியார் முப்பிடாதியம்மாள் வாசலில் நின்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். ஐந்தருவிப் பக்கம் அவர்கள் உறவுக்காரர் தோட்டத்திலிருந்து வர வேண்டிய பழம் வரவில்லை, தோட்டத்துக்காரர் வண்டி பழுதாகிக் கிடக்கிறதாம். அவர்களைப் பற்றி உனக்கே தெரியும், கல்யாணத்துக்கு நான் வண்டி ஓட்டிக்கொண்டு போய் இறங்கியதைப் பார்த்து, "பொம்பள லோடு வண்டி ஓட்டுதத நான் எங்க குடும்பத்துல பாத்ததே இல்ல" என்று பந்தியில் சொன்னவர்கள். அன்றைக்கு அவர்களே வந்து, "மதினி, ஒங்க வண்டி சும்மாதான நிக்கி, ஒரு எட்டு போயிட்டு வந்துருவமா, நான் வந்தாதான் அவுக பழம் குடுப்பாக" என்று கேட்டார்கள். கேட்டதே பெரிய விஷயம் என்று எனக்கு ஒரே பெருமை, சாவியை எடுத்துவிட்டேன். ஏறி உட்கார்ந்தவர்கள் பட்டுச்சேலை கசங்காமல் கதவோரமாக ஒடுங்கி உட்கார்ந்தார்கள். போகும்போது ஏற்றம், பிரேக்குக்கு வேலையே இல்லை. ஆறு பலாப்பழம், நாலு வாழைத்தார், கூடை கூடையாக ரம்புட்டான், மங்குஸ்தான் எல்லாம் ஏற்றிக்கொண்டு திரும்பினோம்.

இறங்க ஆரம்பித்த முதல் வளைவில் பெடல் கொஞ்சம் கீழே போய்ப் பிடித்தது. சாரல் ஈரம் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது வளைவில் மிதித்தேன், வண்டிக்கு அடியில் எங்கேயோ 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம், பெடல் அப்படியே தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. சீசன் நேரம், ஞாயிற்றுக்கிழமை, ரோடு முழுக்க ஈரத்துண்டும் எண்ணெய் தேய்த்த தலையுமாக ஜனம், தோளில் பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். நீ ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது சொன்னதெல்லாம் எங்கிருந்தோ கைக்கு வந்தது பாண்டி, எனக்கே தெரியாமல் மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்குத் தள்ளினேன், வண்டி உறுமியது, பெடலை விட்டு விட்டு மிதித்தேன், நாலாவது மிதியில் கொஞ்சம் பிடித்தது, ஆனால் நிற்கவில்லை. ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியாக இழுத்தால் ஈர ரோட்டில் சுற்றிவிடும் என்று கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். ஹாரன் அடிக்கக் கை இல்லை. "மதினி, பிரேக்கு இல்ல" என்று மட்டும் சொன்னேன். அந்த அம்மாள் என்னை ஒரு தரம் பார்த்தார்கள். அடுத்த நிமிஷம் ஜன்னலுக்கு வெளியே இடுப்பு வரைக்கும் நீட்டிக்கொண்டு, "ஏலே ஒதுங்குங்கலே! ஏட்டி பச்சச் சேல, பிள்ளையத் தூக்குட்டி! பிரேக்கு பிடிக்கல, ஓரமாப் போங்க எல்லாரும்!" என்று போட்டார்கள் பார் ஒரு சத்தம், அருவிச் சத்தமே அடங்கிவிட்டதுபோல் இருந்தது எனக்கு. கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பிரிந்த வழியில் முதல் கியருக்கு இறக்கிக்கொண்டேன். இடது பக்கம் ஒரு விடுதி, கேட் திறந்து கிடந்தது, உள்ளே பாதை மேட்டைப் பார்த்து ஏறுகிறது. "மதினி, கெட்டியாப் பிடிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு அதற்குள் திருப்பினேன். வண்டி மேட்டில் ஏறியது, ஏறி ஏறித் தளர்ந்தது, நின்றது.

நின்றதும் பின்னால் நகரப் பார்த்தது. நான் கியரில் போட்டு எஞ்சினை அணைத்து ஹேண்ட் பிரேக்கை முழுசாக இழுத்துப் பிடிப்பதற்குள், முப்பிடாதியம்மாள் பட்டுச்சேலையோடு குதித்து இறங்கி, பின்னால் உருண்டு விழுந்திருந்த பலாப்பழம் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். வண்டி அதன்மேல் ஏறி உட்கார்ந்தது, பழம் பிளந்துகொண்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை ஐயா. ஒரு பிள்ளையின் மேல் ஒரு தூசி படவில்லை. நான் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தேன், கை விடவில்லை, அந்த அம்மாள்தான் கதவைத் திறந்து விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். அப்புறம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம், எதற்கென்று தெரியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வடிகிறது, சிரிப்பு நிற்கவில்லை. விடுதி வாட்ச்மேன் எங்களுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். சுற்றிக் கூட்டம் கூடியதும் முப்பிடாதியம்மாள் அந்தப் பிளந்த பலாப்பழத்தைச் சுளை சுளையாக எடுத்து அங்கே நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தார்கள், "தின்னுங்க, எங்க வீட்டு வளகாப்புப் பழம்" என்று.

தென்காசியிலிருந்து மெக்கானிக் முகம்மது ஆசிக் வந்தார், மார்க்கெட் வண்டிகளையெல்லாம் அவர்தான் பார்க்கிறார். அடியில் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை, அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டார். பின்பக்க அச்சுக்குப் பக்கத்தில், பைப்பைப் பிடித்துவைத்திருக்கிற கிளிப்புக்கு அடியில் மண் அடைந்து கிடந்தது, அதை விரலால் தள்ளினார், பைப்பை லேசாகக் கிள்ளினார், பொரித்த அப்பளம் மாதிரி உதிர்ந்து விழுந்தது. சக்கரத்தின் உள்பக்கம் வழுவழு என்று நனைந்திருந்தது. "மழத்தண்ணி இல்லக்கா இது, பிரேக் ஆயிலு, ரொம்ப நாளா கசிஞ்சிருக்கு. முன் சக்கரத்துக்குத் தனி வழி, பின் சக்கரத்துக்குத் தனி வழி. பின்வழி இன்னைக்கு வெடிச்சிட்டு, நீங்க விட்டு விட்டு மிதிச்சதுல முன்வழி கொஞ்சம் பிடிச்சிருக்கு, அதான் நீங்க இங்கன நின்னு பேசுதீங்க" என்றார். ஆயில் குறைந்தால் ஊற்றக் கூடாதா தம்பி என்று கேட்டேன். "ஊத்தலாம்க்கா, ஆனா அது எங்க போச்சுன்னு கேட்டுட்டு ஊத்தணும். அந்த டப்பா மூடுன பாத்திரம் மாதிரி, தானா இவ்வளவு குறையாது" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. வண்டியை ஓட்டவிடாமல் கட்டி இழுத்துக்கொண்டு போனார். பழமும் நாங்களும் ஆட்டோவில் வந்து சேர்ந்தோம்.

வளைகாப்புக்குக் குறித்த நேரம் தாண்டிவிட்டது. ஒரு பெரியவர் அதைச் சொல்ல வாயெடுத்தார், முப்பிடாதியம்மாள், "முழுசா வந்து நிக்கோம்லா, இதவிட என்ன நல்ல நேரம், வளையலக் கொண்டாங்கட்டி" என்று ஒரே போடு. ஸ்வாதிக்கு இரண்டு கையும் கொள்ளாமல் வளையல், கன்னமெல்லாம் சந்தனம், அவள் என்னைப் பார்த்து எதற்கும்மா அழுகிறாய் என்று கேட்க, சந்தோஷம்தாண்டி என்றேன், அது உண்மைதான். இவ்வளவு நாள் என் வண்டியைக் குறை சொன்ன அந்த அம்மாள், வந்தவர்களிடமெல்லாம் "எங்க மதினி பிரேக்கே இல்லாம மலைய இறக்கிட்டா" என்று சொல்லிச் சொல்லி, சாப்பாடு முடிவதற்குள் அது அருவிக்கு மேலிருந்தே நான் வண்டியோடு குதித்தேன் என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

எல்லோரும் புகழப் புகழ எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் ஆயில் ஊற்றியது, பொட்டு ஒட்டியது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறுநாள் அவரும் ஆசிக் பட்டறைக்கு என்னோடு வந்தார், முதல் வேலையாக வண்டியில் ஏறி அந்தப் பொட்டைப் பிய்த்துத் தூரப் போட்டார். வண்டியை விற்கச் சொல்லுவீர்கள் என்றுதான் பயந்தேன் என்றேன். "சொல்லத்தான் சொல்லியிருப்பேன். நீ சண்ட போட்டிருப்ப. ரெண்டு நாள் பேசாம இருந்துட்டு மூணாம் நாள் நானே பைப்ப மாத்திக் குடுத்திருப்பேன். இத்தன வருசமா அதான நடக்கு, இதுல மறைக்கதுக்கு என்ன இருக்கு நிர்மலா?" என்றார். ஆசிக் முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் ஒரு பைப்பை விடாமல் புதுசு போட்டார், ரப்பர் ஹோஸையும் மாற்றினார். உள்ளே இருக்கிற காற்றை எடுக்க என்னை ஏறி உட்காரச் சொன்னார், "அமுக்குங்க, விடுங்க, அமுக்குங்க, விடுங்க" என்று அரைமணி நேரம். ஆயிலில் குமிழி வருவது நின்றதும் பெடல் காலுக்கடியில் கல் மாதிரி நின்றது பார், எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

இன்னொரு கூத்தைக் கேள். முப்பிடாதியம்மாள் போன வாரம் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டார்கள். "கத்தி கத்தி ஆள வெலக்குனதுல எனக்கு ஒரு வாரம் தொண்ட போச்சு மதினி, இதுக்கு நானே ஓட்டிரலாம்" என்கிறார்கள். மாப்பிள்ளை குற்றாலீஸ்வரன் போனில் என்னிடம், "அத்த, எங்கம்மாவ இப்படி ஆக்கிட்டீங்களே" என்று சிரிக்கிறார். நேற்று மத்தியானம் நானும் அப்பாவும் வண்டியை எடுத்துக்கொண்டு அதே ஐந்தருவி ரோட்டுக்குப் போனோம், இறக்கத்தில் பிடிக்கிறதா என்று பார்க்க. நீயே பார்த்திருக்கிறாய், நான் ஓட்டும்போது அப்பா மேலே உள்ள கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தன் காலால் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். வளைவுக்கு வளைவு நிறுத்திப் பார்த்தேன், சொன்ன இடத்தில் நின்றது. "எப்படிங்க" என்று கேட்டேன். திரும்பிப் பார்த்தால், இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, தலை ஜன்னலில் சாய்ந்து, நல்ல தூக்கம். நான் ஹாரன் அடிக்காமல் மெதுவாகவே வீட்டுக்கு ஓட்டிவந்தேன்.

நீயும் அங்கே பெரிய வண்டி ஓட்டுகிறாய். தினமும் கிளம்புமுன் குனிந்து அடியில் ஒரு பார்வை பார், ஈரமாக இருந்தால் யார் அவசரப்படுத்தினாலும் எடுக்காதே, மேலே உள்ளவர்களிடம் சொல்லக் கூச்சப்படாதே. குல்லாவை மறக்காமல் போடு, நான் அனுப்பிய சுக்குப்பொடி தீர்ந்தால் எழுது. ஆவணியில் பிள்ளை பிறந்துவிடும், தாய்மாமன் மடியில் வைத்துத்தான் பெயர் வைப்போம் என்று ஸ்வாதி பிடிவாதமாகச் சொல்கிறாள், அதனால் லீவுக்கு இப்போதே எழுதிப் போட்டுவிடு. தோரணமலை முருகன் உனக்கு எப்போதும் துணை நிற்பான், நூறு வருஷம் நல்லா இருப்பாய் என் ராசா.

உன்னை நினைத்தபடி,
அம்மா நிர்மலாதேவி
கடையம்